அட்லாண்டாவின் ஊர்ப்பொது கோல்ஃப் மைதானங்கள்: ஆறு நாள் குறிப்பு

முதல் நாள், புதன்

மதியம் விமானம் இறங்கியது. அக்கா வீட்டில் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுக் கட்டையைச் சாய்க்கலாம் என்று நினைத்தேன். அத்தான் விடவில்லை. "இப்ப படுத்தா ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டுக் கெடப்பே மாப்ளே. வா, ஒம்பது குழி ஆடிட்டு வந்துரலாம்" என்று மட்டைப் பையைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டார்.

இந்த முறை நான் அட்லாண்டாவுக்கு வந்ததில் பாதி காரணம் அக்கா. மீதி காரணம் இந்த மைதானங்கள். சென்னையில் நான் கோல்ஃப் ஆடுவது வருடத்துக்கு ஐந்தாறு முறைதான். கிளப்பில் உறுப்பினராக இருக்கும் நண்பர் விருந்தாளியாக அழைத்துப் போனால் உண்டு, இல்லையென்றால் இல்லை. தெருவில் போகிற ஒருவர் உள்ளே நுழைந்து, அன்றைய கட்டணத்தைக் கட்டி, ஆடிவிட்டு வீட்டுக்குப் போவது நம் பக்கம் பழக்கத்தில் இல்லாத காரியம். இங்கே நகராட்சியே மைதானம் நடத்துகிறது. அப்படி நடத்தினால் அதன் தரம் எப்படி இருக்கும்? ஆறு நாள் நடந்து பார்த்து எழுதுகிறேன்.

முதலில் போனது கேண்ட்லர் பார்க். கோகோ கோலாவைப் பெரிய வியாபாரமாக்கிய ஏசா கேண்ட்லர் 1922இல் நகரத்துக்குக் கொடுத்த நிலம் இது. 1928இல் அதில் ஒன்பது குழி மைதானம் போட்டார்கள். பெரிய கிளப் கட்டடம் கிடையாது. சுற்றிலும் வீடுகள், பக்கத்திலேயே பூங்கா. பனி விழும் நாட்களில் இதே மேட்டில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்களாம். எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாவும் இரண்டு பையன்களும் மூன்றே மூன்று மட்டைகளைப் பங்கு போட்டு ஆடிக்கொண்டு போனார்கள். யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை.

கிரீன் என்பது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை; இங்கே அதில் பந்து உருளும் வேகத்தைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற, நடந்தே ஆடக்கூடிய, வீட்டுச் செருப்போடு வந்து நிற்கக்கூடிய இடம். ஒரு நகரத்தில் இப்படி ஒன்றாவது இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எட்டாவது குழியில் கண் சொருகிவிட்டது. மீதி நாளை.

இரண்டாம் நாள், வியாழன்

காலை ஏழரைக்கு சாஸ்டெய்ன் பார்க். பழைய பெயர் நார்த் ஃபுல்டன். பதினெட்டுக் குழி. 1937இல் திறந்தது. வரைந்தவர் சாண்ட்லர் ஈகன், 1904, 1905 இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை வென்றவர். மைதானம் திறப்பதற்கு முந்தைய வருடமே இறந்துபோனார். மைதானத்தைச் சுற்றி ஒரு நடைபாதை போகிறது. நாயைப் பிடித்துக்கொண்டும் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டும் ஊரே அதில் நடக்கிறது. நாம் அடித்த பந்து நல்லபடியாகப் போனால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கைதட்டல் வருகிறது. எனக்கு ஒரு முறை வந்தது.

நிலம் ஏறி இறங்குகிறது. பைன் மரம் நிறைய. பழைய ஆள் வரைந்ததாலோ என்னவோ, நிலத்தை வெட்டி நிரவாமல் மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் விட்டிருக்கிறார்கள். பந்து நேராகப் போனாலும் விழுந்த இடம் சரிவாக இருக்கும். அடுத்த அடியை ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்துத்தான் அடிக்க வேண்டும். இதெல்லாம் பணம் போட்டு வாங்க முடியாத தரம்.

இனி புல். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். முதல் கிரீனில் குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டுப் போகிற கொடி. நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகம்புல்லின் குடும்பம். இவர்கள் பெர்முடா என்கிறார்கள். தெற்கு மாநிலங்களின் வெயிலுக்குத் தாக்குப்பிடிப்பது இதுதான். வடக்கே கிரீன்களில் போடுகிற பென்ட் புல் இந்த ஊர்க் கோடையில் திணறும். இதே நகரத்தில் ஈஸ்ட் லேக் என்ற புகழ்பெற்ற தனியார் கிளப்பில் 2007 வறட்சியில் பெரிய போட்டி நடக்கும் நேரம் பார்த்துப் பென்ட் புல் கருகிப்போய், அடுத்த வருடமே பெர்முடாவுக்கு மாற்றினார்கள்.

அருகம்புல்லைக் கிரீனுக்குப் பழக்கிய வேலையும் இந்த மாநிலத்தில்தான் நடந்தது. தெற்கு ஜார்ஜியாவில் டிஃப்டன் என்ற ஊரின் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1936இல் சேர்ந்தவர் கிளென் பர்ட்டன். சாதாரண அருகும் ஆப்பிரிக்க அருகும் கலந்த டிஃப்கிரீன், டிஃப்வே, டிஃப்டுவார்ஃப் இனங்களை ஒவ்வொன்றாக வெளியிட்டார். இந்தக் கலப்பினங்கள் விதை கட்டாது. கொடியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் நட வேண்டும். அதனால் கிரீன் முழுவதும் ஒரே செடி மாதிரி ஒரே சீராக இருக்கும். இதே பர்ட்டன் கம்புப் பயிரிலும் வேலை செய்தார். அவர் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற தாய் வரிசையை வைத்துத்தான் லூதியானாவில் தில்பாக் சிங் அத்வால் 1965இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பை வெளியிட்டார். என் தாத்தா காட்டில் கம்பு விதைத்தவர். பர்ட்டனின் புல்லில் நின்று பட் (பந்தைக் குழிக்கு உருட்டும் அடி) அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அத்தானிடம் சொன்னபோது எனக்கே தொண்டை ஒரு மாதிரி ஆனது.

எங்களோடு சேர்ந்து ஆடியவர் ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். உயரமாக வந்து விழுந்த என் பந்து கிரீனில் ஒரு சின்னக் குழி போட்டுவிட்டது. பையிலிருந்து முள்கரண்டி மாதிரி ஒரு கருவியை எடுத்து மண்ணை அடியிலிருந்து நெம்பப் போனேன். அவர் தடுத்தார். "நெம்பினால் வேர் அறுந்துவிடும். ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகத் தள்ளு." குழியைச் சுற்றி நான்கு இடத்தில் குத்தி, புல்லை உள்பக்கமாகக் கூட்டிச் சேர்த்து, பட் அடிக்கும் மட்டையான பட்டரின் அடியால் லேசாகத் தட்டினார். குழி இருந்த இடமே தெரியவில்லை. அப்புறம் தன் வழியில் இருந்த வேறு யாருடையதோ இரண்டு தழும்பையும் சரிசெய்துவிட்டுத்தான் தன் பந்தைத் தொட்டார். ஒவ்வொரு கிரீனிலும் இதையே செய்தார்.

மூன்றாம் நாள், வெள்ளி

இன்று போன இடம் நகரத்துக்கு வெளியே. பெயர் சொல்லப்போவதில்லை.

பணம் கட்டி முதல் கிரீனுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, கிரீன் முழுவதும் பென்சில் பருமனுக்குத் துளை போட்டு மணல் தூவியிருக்கிறார்கள். துளை போடுவது தப்பே இல்லை. ஆட்கள் மிதித்து மிதித்து மண் இறுகிவிடும், வேருக்குக் காற்றும் நீரும் போகாது. பெர்முடா வேகமாக வளரும் இந்தக் கோடைதான் அதற்குச் சரியான காலம், இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும். ஆனால் இணையத்தில் நேரம் பதிவு செய்தபோது ஒரு வரி போட்டிருக்கலாம், கட்டணத்தையும் குறைத்திருக்கலாம். இரண்டுமே நடக்கவில்லை. பட் அடித்த பந்து தத்தித் தத்திப் போனது.

பங்கர்கள், அதாவது ஆட்டத்துக்குத் தடையாக வைக்கும் மணல் பள்ளங்கள், அதைவிட மோசம். நேற்று ராத்திரி பெய்த மழை செம்மண் நிறத்தில் தேங்கிக் கிடந்தது. ஜார்ஜியாவின் மண் நம் கிராமத்துச் செம்மண் மாதிரியே சிவப்பு, ஆனால் களிமண். தண்ணீரை லேசில் விடாது. பங்கரின் அடியில் வடிகுழாயும் அதன் மேல் ஒரு விரிப்பும் போட்டு, சில வருடங்களுக்கு ஒரு முறை மணலை மாற்ற வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் அடியில் இருக்கும் களிமண் மேலே வந்து மணலோடு கலந்து சிமெண்டாகிவிடும். மட்டையை இறக்கினேன், டணார் என்று மணிக்கட்டு வரை அதிர்ந்தது.

ஒரு பொது மைதானத்தின் தரத்தை அறிய எதைப் பார்ப்பது என்று கேட்டால், கிரீனைவிட முதலில் பங்கரைப் பார் என்பேன். கிரீன் எல்லோர் கண்ணிலும் படும், அதனால் எப்படியாவது காசு ஒதுக்கிவிடுவார்கள். வடிகால் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அதற்குச் செலவு செய்தவர்களா இல்லையா என்பது மழை பெய்த மறுநாள்தான் தெரியும்.

பதினொன்றாவது குழியில் இடி முழங்கி, நீளமாகச் சங்கு ஊதினார்கள். மின்னல் என்றால் எல்லோரும் ஆட்டத்தை விட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். கொட்டகையில் ஒரு மணி நேரம் நின்றோம். அத்தான் வழியில் வாங்கி வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்தார். உப்புப் போட்டு வேகவைத்த வேர்க்கடலை, தோலோடு. ஜார்ஜியா கடலைக்குப் பேர் போன மாநிலம். சாலையோரத்தில் சட்டியில் வேகவைத்து விற்கிறார்கள். மெரினாவில் மழைக்கு ஒதுங்கி நின்று தின்ற அதே ருசி. மழை விடவில்லை, திரும்பிவிட்டோம்.

நான்காம் நாள், சனி

அட்லாண்டாவின் தென்மேற்கில் ஆடம்ஸ் பார்க். அங்கே இருக்கும் நகராட்சி மைதானத்தின் பெயர் ஆல்ஃப்ரட் 'டப்' ஹோம்ஸ். இந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதையை நான் ஊரிலிருந்தே படித்துவிட்டுத்தான் வந்தேன்.

1951 ஜூலை 19. கறுப்பினத்தவர் நான்கு பேர், அட்லாண்டாவின் புகழ்பெற்ற கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸின் பெயர் தாங்கிய நகராட்சி மைதானத்துக்கு ஆடப் போனார்கள். மருத்துவர் ஹாமில்டன் ஹோம்ஸ், அவருடைய மகன்கள் ஆல்ஃப்ரட், ஆலிவர் வெண்டல், நண்பர் சார்லஸ் பெல். நகரத்துக்கு வரி கட்டுகிறவர்கள், நகரத்தின் மைதானம். உள்ளே விட மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு அட்லாண்டாவின் கறுப்பினத்தவருக்கு இருந்தது லிங்கன் கன்ட்ரி கிளப்பின் ஒன்பது குழி மட்டும்தான்.

1953இல் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் பாதிக் கதவைத் திறந்தது: 'தனித்தனியாக, ஆனால் சமமாக' என்ற பழைய கொள்கைப்படி ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றது. இவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1955 நவம்பர் 7 அன்று, பொது மைதானம் எல்லோருக்கும் பொதுதான் என்று தீர்ந்தது. கறுப்பினப் பெண்மணி ரோசா பார்க்ஸ் பேருந்தில் வெள்ளையருக்காக எழுந்திருக்க மறுத்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. தீர்ப்பு வந்ததும் மைதானங்களைத் தனியாருக்கு விற்றுவிடலாம் என்ற பேச்சும் அடிபட்டது. மேயர் வில்லியம் ஹார்ட்ஸ்ஃபீல்ட் விற்கவில்லை. டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஹோம்ஸ் சகோதரர்களும் பெல்லும் நார்த் ஃபுல்டனில் ஆடினார்கள். நார்த் ஃபுல்டன் என்றால், முந்தாநாள் எனக்குக் கைதட்டல் கிடைத்த அதே சாஸ்டெய்ன் பார்க். அங்கே நின்றபோது இது மனதில் முழுதாக உறைக்கவில்லை. இன்று உறைத்தது.

அந்த மருத்துவரின் பேரனுக்கும் ஹாமில்டன் ஹோம்ஸ் என்றுதான் பெயர். 1961 ஜனவரியில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் இரண்டு கறுப்பின மாணவர்களில் ஒருவர் அவர். பிறகு எலும்பு மருத்துவர் ஆனார். மைதானத்துக்கு டப் ஹோம்ஸின் பெயரை 1983இல் வைத்தார்கள். அவர் 1967லேயே காலமாகிவிட்டார்.

சரி, ஆட்டம். இது மேடுகளின் மைதானம். நடந்து ஆடுவேன் என்று பிடிவாதம் பிடித்து நடந்தேன், சட்டை பிழிந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் வந்திருக்கும். ஓங்கிய மரங்கள் இரண்டு பக்கமும் நெருக்கி நிற்பதால் நேராக அடிப்பவருக்குத்தான் இங்கே வாழ்வு. ஆனால் நான் பார்த்துக்கொண்டே இருந்தது ஆட்களை. சனிக்கிழமை காலை என்றால் ஒரு கூட்டம் தவறாமல் வந்துவிடுமாம். எழுபது வயது, எண்பது வயதுக் கறுப்பினப் பெரியவர்கள். ஒருவர் தொப்பியை ஒருவர் தட்டிவிடுவதும், பழைய தோல்வியைச் சொல்லிக் கேலி செய்வதும், நம் ஊர் டீக்கடை பெஞ்சு மாதிரியே இருந்தது.

அவர்களில் ஒருவர் எங்களையும் சேர்த்துக்கொண்டார். எண்பதைத் தாண்டியவர். வண்டியிலிருந்து இறங்க ஒரு கை வேண்டும், ஆனால் பட்டரைப் பிடித்துவிட்டால் அந்தக் கை நடுங்கவில்லை. அவருடைய அப்பா ஒரு தனியார் கிளப்பில் மட்டைப் பை சுமந்தவராம். "எங்கள் அப்பாவுக்கு அந்தக் கிளப்பின் ஒவ்வொரு கிரீனும் எந்தப் பக்கம் சரியும் என்று மனப்பாடம். கடைசி வரைக்கும் அதில் ஒரு பட் அடித்ததில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பதினைந்தடி தூரத்திலிருந்து பட் அடித்தார். பந்து கடைசி ஓரடியில் இடது பக்கம் வளைந்து குழியில் விழுந்தது. இந்த கிரீன் எந்தப் பக்கம் சரியும் என்று அவருக்கும் மனப்பாடம்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

பாபி ஜோன்ஸ் மைதானம். பீச்ட்ரீ ஓடைக் கரை, 1864 ஜூலை 20 அன்று உள்நாட்டுப் போரில் பெரிய சண்டை நடந்த நிலம். நேற்றைய கதை மனதில் இருந்ததால் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். வழக்கு நடந்த காலத்தின் மைதானம் இப்போது இல்லை. அந்தப் பதினெட்டுக் குழி இடுக்கமான நிலத்தில் நெருக்கிப் போட்டது, பக்கத்துக் குழிக்காரர் பந்து தலைக்கு மேல் பறக்குமாம். 2016இல் நகரம் இதை மாநில அரசுக்கு மாற்றிக் கொடுத்தது. நன்கொடை திரட்டி, பழையதை அழித்துப் புதிதாகப் போட்டார்கள். வரைந்தவர் பாப் கப். வேலை தொடங்கும் முன்பே, அதே 2016இல், அவர் இறந்துவிட்டார். 2018 நவம்பரில் திறந்தது.

பதினெட்டை ஒன்பதாக்கியிருக்கிறார்கள். ஆனால் இது இரண்டு திசையிலும் ஆடக்கூடிய ஒன்பது. ஒரு நாள் மக்னோலியா என்ற வழி, மறுநாள் திசையைத் திருப்பிப்போட்டு அசேலியா. அகலமான ஃபேர்வே (கிரீன் வரை போகும் வெட்டிய புல்வழி), விசாலமான கிரீன். நேற்று வந்தவர் இன்று வந்தால் வேறு மைதானம். முதலில் எனக்கு இது வித்தை காட்டும் வேலை என்று பட்டது. ஆடி முடித்த பிறகு அபிப்பிராயம் மாறிவிட்டது. நிலம் குறைவு என்பதை ஒத்துக்கொண்டு, ஆபத்தை எடுத்துவிட்டு, ஆட்டத்தைப் பெருக்கியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரும் ஆட வேண்டும் என்று நினைத்துப் போட்ட மைதானம் இது. பாபி ஜோன்ஸே கடைசி வருடங்களில் தண்டுவட நோயால் நாற்காலியில் இருந்தவர். அந்த நினைவுக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் செய்திருக்க முடியாது.

தரம் என்று மட்டும் பார்த்தால் இதுவரை ஆடியவற்றில் முதலிடம் இதற்குத்தான். பந்து உருள்வது பட்டுத் துணியில் உருள்வது மாதிரி. ஆனால் என் மனசு கேட்கவில்லை. பணக்கார வடக்கில் இருக்கிறது, பின்னால் நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். டப் ஹோம்ஸின் பெரியவர்களுக்கு அந்த மாதிரி ஒரு திரட்டு யார் செய்வார்கள்? எதிர்த்துப் போராடி உள்ளே வந்தவர்களின் பெயர் தாங்கிய மைதானத்துக்கும் இதே பட்டுத் துணி கிடைக்க வேண்டும். அத்தானிடம் சொன்னேன். "நகர சபைக்கு எழுதிப் போடலாம் மாப்ளே, நான் வரி கட்டுறவன்தானே" என்றார். இன்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து கடிதத்தை எழுதி அனுப்பினோம்.

ஆறாம் நாள், திங்கள்

காலையில் ஓக்லண்ட் கல்லறைத் தோட்டம். பாபி ஜோன்ஸின் சமாதி அங்கேதான். சின்னக் கல். அதைச் சுற்றி, வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போன கோல்ஃப் பந்துகள், மழையில் நனைந்து மஞ்சளாகிப்போனவையும் புத்தம் புதியவையும். நானும் ஒன்று வைத்தேன்.

மதியம் அக்கா மகளை அழைத்துக்கொண்டு ஈஸ்ட் லேக் பக்கம் சார்லி யேட்ஸ் மைதானம். 1938இல் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்ற அட்லாண்டாக்காரர் யேட்ஸ். பக்கத்திலேயே, வேலிக்கு அந்தப் பக்கம், ஜோன்ஸ் சின்ன வயதில் ஆடக் கற்ற ஈஸ்ட் லேக் கிளப். கிளப்பின் இரண்டாவது மைதானத்தை 1960களில் விற்றுவிட, அந்த இடத்தில் அரசுக் குடியிருப்பு வந்தது. நாளடைவில் துப்பாக்கிச் சத்தம் ஓயாத இடமாகிப்போனது. 1990களில் அதை இடித்துப் புது வீடுகள் கட்டி, பள்ளிக்கூடம் வைத்து, நடுவில் இந்தச் சின்ன ஒன்பது குழிப் பொது மைதானத்தையும் போட்டார்கள். பழைய குடித்தனக்காரர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை, அந்த வருத்தம் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் இன்று நான் பார்த்தது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் முப்பது பேர் வரிசையில் நின்று மட்டை வீசியதை.

அக்கா மகளுக்குப் பத்து வயது. முதல் முறை வருகிறாள். நான்கு தடவை காற்றை அடித்தாள், ஐந்தாவது பந்து எழும்பிப் போய் கிரீனில் தொப்பென்று விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். "மாமா, குழி விழுந்துருச்சு!" என்று பயந்துபோய்க் கூப்பிட்டாள். பையிலிருந்து முள்ளை எடுத்துக் கொடுத்து, ஓரத்திலிருந்து நடுப்பக்கம் தள்ளு என்றேன். முட்டி போட்டு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நான்கு பக்கமும் குத்திச் சேர்த்து, உள்ளங்கையால் தட்டினாள். எழுந்திருப்பாள் என்று பார்த்தால், தவழ்ந்தபடியே இரண்டடி தள்ளிப் போனாள். அங்கே வேறு யாரோ விட்டுப்போன ஒரு தழும்பு இருந்தது.